சங்கிலிக்கு வெளியே ஒரு சாட்சி

ஓர் அளவுகோல் சரியானதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? இந்தியத் தத்துவ மரபில் இதைவிடப் பழைய, இதைவிடக் கசப்பான சண்டைகளுக்குக் காரணமான கேள்விகள் அதிகம் இல்லை. பௌத்தரும் நையாயிகரும் மீமாம்சகரும் நூற்றாண்டுக்கணக்கில் இதற்காக மோதியிருக்கிறார்கள். தமிழில் மணிமேகலையின் கடைசிக் காதைகளும் சிவஞான சித்தியாரின் அளவை இயலும் இந்தக் களத்தில்தான் நிற்கின்றன. ஆனால் இந்த விவாதத்தின் எடுத்துக்காட்டுகள் கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்தவை: மலைமேல் புகை, இருட்டில் கயிறு, சிப்பியில் வெள்ளி. பின்னிரண்டிலும் பிழை பார்ப்பவனிடம் இருக்கிறது. விளக்கை ஏற்றினால் தீர்ந்துவிடுகிறது. நம் வாழ்வில், குறிப்பாகச் சமய வாழ்வில், கனமான பிழைகள் அப்படி வருவதில்லை. எல்லாப் பாகமும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, மொத்தமும் சேர்ந்து மெல்ல விலகிப்போகும், விலகியதே தெரியாது. அத்தகைய பிழைக்கு எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான எடுத்துக்காட்டு எந்தத் தருக்க நூலிலும் இல்லை. 1955இல் 265 கன அங்குல அளவில் அறிமுகமாகி, பிறகு பல அளவுகளில் பல பத்தாண்டுகள் வார்க்கப்பட்ட செவர்லே வி8 இன்ஜினின் முன்மூடிக்குள் அது இருக்கிறது: டைமிங் செயின்.

அதன் வேலை எளிது. கீழே கிராங்க் ஷாஃப்ட் பிஸ்டன்களோடு சுழல்கிறது. மேலே கேம் ஷாஃப்ட் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்த உறவைக் காப்பது செயின். அது நாளடைவில் ‘நீண்டுவிட்டது’ என்பார்கள். உலோகத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் இணைக்கும் பின் தேய்கிறது, பின் அமர்ந்த துளை தேய்கிறது. ஒரு மூட்டில் போவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக இருக்கலாம். ஆனால் இழுக்கும் பக்கத்தில் உள்ள மூட்டுகள் அத்தனையின் தேய்மானமும் கூட்டலில் சேர்கிறது. கிராங்க் இழுத்த பிறகு கேம் சற்றுத் தாமதமாகப் புறப்படுகிறது. தாமதம் 2 டிகிரி, 5 டிகிரி, 8 டிகிரி என ஆண்டுகளில் ஊர்கிறது. நன்றாகத் தளர்ந்தபின் பல் தாவலாம். 18 பற்கள் கொண்ட சக்கரத்தில் ஒரு பல் என்பது கிராங்கில் 20 டிகிரி. அது விபத்து, எல்லோருக்கும் தெரிந்துவிடும். தத்துவத்துக்கு வேலை வைப்பது விபத்துக்கு முந்தைய நீண்ட காலம்.

அந்தக் காலத்தில் தேய்மானத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டிய கருவிகளே அதை மூடி மறைக்கின்றன. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம் ஷாஃப்ட். எனவே செயின் தேய்ந்தால் வால்வு மட்டும் தாமதிப்பதில்லை. தீப்பொறியும் அதே அளவு தாமதிக்கிறது. வண்டி சோம்பலாகிறது. மெக்கானிக் டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்க்கிறார், பொறி தாமதம் என்று தெரிகிறது, டிஸ்ட்ரிபியூட்டர் உடலைக் கொஞ்சம் திருப்பிச் சரிசெய்கிறார். பொறி சரியாகிவிட்டது. வால்வின் தாமதம் அப்படியே இருக்கிறது. இப்போது அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே வாயும் அடைபட்டுவிட்டது. மெக்கானிக்கின் நேர்மையில் குறையில்லை, கருவியிலும் குறையில்லை. திருத்தம் செய்த இடம் செயினுக்கு அப்பால், செயினால் ஓடும் பக்கத்தில் இருந்தது. அவ்வளவுதான் குறை. மேற்கேம் கொண்ட பழைய மெர்சிடஸ் வி8 போன்றவற்றில் செயின் மிக நீளம், அதைத் தளராமல் அழுத்திப் பிடிக்க டென்ஷனர் உண்டு. டென்ஷனர் தளர்ந்த பக்கத்தின் தொங்கலை எடுத்துக்கொண்டு சத்தத்தை அடக்கிவிடும். இழுக்கும் பக்கத்தின் நீட்சியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சத்தமில்லாத இன்ஜின் தாமதமாக ஓடலாம். 1960களிலிருந்து பல அமெரிக்க இன்ஜின்களில் கேம் சக்கரத்தை அலுமினியத்தில் செய்து பற்களின் மேல் நைலான் பூசினார்கள். அதுவும் சத்தத்தைக் குறைக்கத்தான். சூட்டில் ஆண்டுக்கணக்காக வெந்த நைலான் விரிசல் விட்டு உதிரும். துண்டுகள் எண்ணெய்த் தொட்டியில் விழுந்து பம்ப்பின் உறிஞ்சு வாயை அடைக்கும். அமைதிக்காகச் செய்த ஏற்பாடு எச்சரிக்கையைத் தின்றுவிடும் கதை பொறியியலில் மட்டும் நடப்பதல்ல.

அறிகுறிகளை வைத்து ஊகிக்கலாமே என்று கேட்கலாம். கீழ்வேகத்தில் இழுவை குறையும். உள்வால்வு தாமதமாக மூடுவதால் ஸ்டார்ட்டரில் சுற்றும்போது கம்ப்ரஷன் குறையும். வெற்றிட மீட்டரில் முள் ஆடாமல், ஆனால் வழக்கமான 17 முதல் 21 அங்குலத்துக்குக் கீழே நிற்கும். மூன்றும் உண்மை. ஆனால் ரிங் தேய்ந்தாலும் கம்ப்ரஷன் குறையும், கார்புரேட்டர் கெட்டாலும் இழுவை குறையும், எங்காவது காற்று கசிந்தாலும் முள் இறங்கும். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் ஏதுப்போலிகளை வகைப்படுத்துகிறார். அவற்றுள் அநைகாந்திகம் என்பது இதுதான்: சாத்தியம் உள்ள இடத்திலும் இருக்கும், இல்லாத இடத்திலும் இருக்கும் ஏது. அந்தக் காதையின் வறண்ட பட்டியலைக் காப்பியச் சுவைக்கு இடையூறு என்று தாண்டிப்போகிறவர்களே அதிகம். ஒரு பழைய இன்ஜினின் முன் நின்றால் அந்தப் பட்டியல் வேலைசெய்யும் கருவிப்பெட்டி என்று தெரியும்.

அப்படியானால் திறக்காமல் அறிவது எப்படி? முதல் சோதனை எளிது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, கிராங்க் போல்ட்டில் நீண்ட ஸ்பேனர் போட்டு ஒரு திசையில் ரோட்டார் நகரும்வரை திருப்புகிறார்கள். பிறகு எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, ரோட்டார் அசையத் தொடங்கும்வரை கிராங்க் எத்தனை டிகிரி வெறுமனே சுற்றியது என்று பார்க்கிறார்கள். 5 டிகிரிக்கு மேல் சந்தேகம், 10ஐ நெருங்கினால் முன்மூடியைக் கழற்று என்பது பலரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. இந்த அளவில் டிஸ்ட்ரிபியூட்டர் பல்சக்கரத்தின் இடைவெளியும் கலந்திருக்கிறது. மேலும் இது தளர்ச்சியை அளக்கிறது, தாமதத்தை அளக்கவில்லை. இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் டென்ஷனர் உள்ள இன்ஜினில் ஏமாந்துபோவார்கள். தாமதத்தை அளக்க வேண்டுமானால் இரண்டு இடங்கள் துல்லியமாகத் தெரிய வேண்டும்: முதல் பிஸ்டன் உச்சியில் நிற்கும் கணம், அதே சிலிண்டரின் உள்வால்வை உயர்த்தும் கேம் மேட்டின் உச்சி. பிஸ்டனின் உச்சிக்குப் புல்லியில் கோடு போட்டிருக்கிறதே என்றால், அந்தக் கோடும் சந்தேகத்துக்கு உட்பட்டதுதான். புல்லியின் பின்னால் இருக்கும் அதிர்வுதாங்கியின் வெளிவளையம் ரப்பரில் ஒட்டியிருக்கிறது. ரப்பர் முதுமையடைந்தால் வளையம் வழுக்கி நகரும், கோடும் கூடவே நகரும். ஆகவே பிஸ்டனையே கேட்க வேண்டும்.

பிஸ்டனைக் கேட்கும் விதத்தில் ஒரு தத்துவ ஆச்சரியம் இருக்கிறது. உச்சியைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாது. 3 அங்குல ஸ்ட்ரோக்கும் 5.7 அங்குலக் கனெக்டிங் ராடும் உள்ள இந்த இன்ஜினில், உச்சிக்கு 2 டிகிரி முன்போ பின்போ இருக்கும்போது பிஸ்டன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர்தான் தாழ்ந்திருக்கும். அதாவது 4 டிகிரி அகலத்துக்கு அது நின்றுகொண்டிருப்பது போலவே தோன்றும். நாம் தேடும் பிழையே சில டிகிரிதான். அதனால் ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு தடுப்பை முறுக்கி வைக்கிறார்கள். கிராங்கை ஒரு பக்கம் மெல்லத் திருப்பினால் உச்சிக்கு வெகுமுன்னரே பிஸ்டன் தடுப்பில் முட்டி நிற்கும். டிகிரி வட்டில் குறித்துக்கொள்கிறார்கள். மறுபக்கம் திருப்பினால் அங்கும் முட்டும், அதையும் குறிக்கிறார்கள். இரண்டு குறிகளின் நடுவே உச்சி. பிஸ்டன் ஒருமுறைகூட அங்கே போகவில்லை, யாரும் அதைப் பார்க்கவுமில்லை. ஆனால் பார்த்ததைவிடத் துல்லியமாகக் கிடைத்துவிட்டது. கேமின் உச்சியையும் இதே வழியில்தான் பிடிக்கிறார்கள்: வால்வைத் தள்ளும் தண்டின் மேல் டயல் கேஜை வைத்து, ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே உயரம் வரும் இரு கோணங்களைக் குறித்து நடுவை எடுப்பது. ஹைட்ராலிக் லிஃப்டர் இருந்தால் அது அமுங்கிக் கணக்கைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; எப்போதும் இன்ஜின் ஓடும் திசையிலேயே குறியை அணுக வேண்டும், தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வர வேண்டும். கேமைச் செய்தவர் சொன்ன கோணத்துக்கும் கிடைத்த கோணத்துக்கும் உள்ள வித்தியாசம் தாமதம். காட்சியே மற்ற அளவைகளுக்கெல்லாம் தாய் என்று பெரும்பாலான தரிசனங்கள் சொல்வதை நான் மறுக்க வரவில்லை. தடுப்பில் முட்டியதும் காட்சிதான். ஆனால் எதைக் காண வேண்டும், எங்கே நின்று காண வேண்டும் என்பதைக் கருதல் முடிவுசெய்யாவிட்டால் காட்சி அந்த 4 டிகிரி மந்தத்தில் கிடந்து உருளும். எல்லாவற்றையும் நேரடியாக உணர்ந்துவிட்டதாகச் சொல்லும் ஆன்மிக உச்சக் கூற்றுகளைப் படிக்கும்போது இந்த மந்தம் எனக்கு நினைவுக்கு வராமல் போவதில்லை.

இப்போது பழைய கேள்விக்குத் திரும்பலாம். நாகார்ஜுனர் விக்ரகவியாவர்த்தனியில் எழுப்பும் தடை புகழ்பெற்றது. பொருள்கள் அளவைகளால் நிறுவப்படுகின்றன என்றால் அளவைகள் எதனால் நிறுவப்படுகின்றன? வேறு அளவைகளால் என்றால் முடிவே இல்லை. தாமாகவே நிறுவப்படும் என்றால் பொருள்களுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? ஒன்றையொன்று நிறுவும் என்றால் தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பெற்ற கதை. செயினை வைத்து இதைச் சொன்னால் தடை இன்னும் கூர்மையாகிறது: ரோட்டாரை நம்பினேன், அது கேமால் ஓடுகிறது, புல்லிக் கோட்டை நம்பினேன், அது ரப்பரால் ஓடுகிறது, எதை நம்ப? நியாய சூத்திரம் இதே வகைத் தடைக்குச் சொல்லும் பதில் தராசு. தராசு பொன்னை அளக்கிறது. எடை தெரிந்த பொன்னைக் கொண்டு அந்தத் தராசையே வேறொரு சமயம் அளக்கலாம். அளவையாக இருப்பது ஒரு பொருளின் நிரந்தரப் பட்டம் இல்லை, அந்த நேரத்தில் அது வகிக்கும் பொறுப்பு. இந்தப் பதில் பலருக்கு மழுப்பலாகத் தெரிகிறது. என் கருத்தில் இது சரியான பதில், ஆனால் பாதிப் பதில். தராசை அளக்கும் பொன்னின் எடை அதே தராசில்தான் தெரிந்தது என்றால் என்ன ஆகும்? சூத்திரம் அங்கே இன்னொரு நிபந்தனையைச் சேர்த்திருக்க வேண்டும்: சரிபார்க்கும் சாட்சி, சந்தேகத்துக்குள்ளான இணைப்பின் வழியாக வந்திருக்கக் கூடாது.

இந்த நிபந்தனைதான் இக்கட்டுரையின் வாதம் முழுவதும். அதற்கு எதிராக முதலில் எழும் மறுப்பு: பிஸ்டன் மட்டும் சுதந்திரமா? அதுவும் அதே கிராங்கோடுதானே கட்டப்பட்டிருக்கிறது? ஆம், கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் கிராங்கிலிருந்து பிஸ்டனுக்குப் போகும் வழியில் செயின் இல்லை. நாம் சந்தேகிப்பது செயினை. ஆகவே இந்தச் சந்தேகத்தைப் பொறுத்தவரை பிஸ்டன் சுதந்திரமான சாட்சி. கனெக்டிங் ராட் வளைந்திருக்கிறதா என்ற வேறொரு சந்தேகம் வந்தால் இதே பிஸ்டன் சாட்சிக்கூண்டை விட்டு இறங்கிவிடும், வேறொன்று ஏற வேண்டும். சுதந்திரம் என்பது இங்கே எல்லாவற்றிலிருந்தும் விடுபட்ட நிலை இல்லை; குறிப்பிட்ட ஒரு பிழையிலிருந்து விடுபட்ட நிலை. நாகார்ஜுனர் கேட்பது முதல்வகையை. அது கிடைக்காது என்று அவர் காட்டுவது சரி. இரண்டாம் வகை கிடைக்கிறது, அது போதும் என்பதை அவருடைய வாதம் தொடவே இல்லை. அறுதியான அடித்தளம் இல்லாவிட்டால் அறிவே இல்லை என்ற எண்ணத்தை அவர் எதிராளிகளிடமிருந்து கடன் வாங்கி அவர்கள் மேலேயே எறிகிறார்; அந்த எண்ணத்தைக் கைவிட்டவர்மேல் அது விழாது.

வாத்ஸ்யாயனர் தம் நியாய பாஷ்யத்தின் வாயிலிலேயே வேறொரு உரைகல்லை வைக்கிறார்: செயல் பலித்தால் அறிவு மெய். தண்ணீர் என்று நினைத்துப் போனாய், தாகம் தீர்ந்தது, எனவே அது தண்ணீர்தான். கானல்நீருக்கு இது போதும். ஆனால் 8 டிகிரி பிந்திய இன்ஜினும் காலையில் ஸ்டார்ட் ஆகிறது, ஆளை ஊர் சேர்க்கிறது. ‘வண்டி ஓடுகிறதே’ என்பது உண்மையான பலன், மழுங்கிய பலன். எந்தப் பிழை செயலை நிறுத்திவிடுமோ அதை மட்டுமே செயல் காட்டும். எந்தப் பிழை செயலைச் சற்றே மந்தமாக்கி, அந்த மந்தத்துக்கு நம்மைப் பழக்கிவிடுமோ அதைக் காட்டாது. குமாரில பட்டரின் நிலைப்பாடு இதைவிட வலுவானது. அறிவு தானாகவே மெய். பின்னால் வரும் வேறொரு அறிவு அதைத் தள்ளும்வரை, அல்லது அது பிறந்த காரணத்தில் குற்றம் தெரியும்வரை, அதைச் சந்தேகிக்க உரிமை இல்லை என்கிறார் அவர். அன்றாட வாழ்வுக்கு இது நல்ல விதி. இதில்லாமல் யாரும் படுக்கையைவிட்டு எழ முடியாது. ஆனால் இதற்குள் சொல்லாத ஓர் அனுமானம் இருக்கிறது: தள்ளக்கூடிய அறிவு எதுவாக இருந்தாலும் அது எழுந்து வர வழி திறந்திருக்கிறது என்பது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்த இன்ஜினில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. எதிர்ச்சான்று வரவில்லை என்பது சான்றாக வேண்டுமானால், எதிர்ச்சான்று இருந்தால் வந்திருக்கும் என்று முதலில் காட்ட வேண்டும். வேதத்தின் தானான மெய்ம்மைக்காக எழுப்பிய கோட்டையில் குமாரிலர் இந்தக் கதவைப் பூட்ட மறந்தார் என்று சொல்வது அடக்கமில்லாத பேச்சாகலாம். ஆனால் கதவு திறந்துதான் கிடக்கிறது.

சமயத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? அங்கே டிகிரி வட்டு இல்லை, டயல் கேஜ் இல்லை. எண் இல்லாத இடத்திலும் இணைப்பு உண்டு, இணைப்பின் வழியாக வராத சாட்சியும் உண்டு. 1924 மார்ச் 30இல் தொடங்கிய வைக்கம் போராட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டிலிருந்து ஈ.வெ.ரா. போய் இருமுறை சிறைப்பட்ட போராட்டம் என்பதால் தமிழ் வாசகர்களுக்கு அது புதிதில்லை. மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கலாமா என்பது கேள்வி. 1925 மார்ச்சில் காந்தி, வைதிகத் தரப்பின் தலைவரான இண்டம்துருத்தி நம்பூதிரியின் இல்லத்துக்குப் போனார். உள்ளே சேர்க்காமல் வெளியே தனியிடத்தில் அமரவைத்தே பேசினார்கள். தடைக்கு அங்கே கொடுக்கப்பட்ட நியாயம் முற்பிறவி வினை: அவர்கள் அப்படிப் பிறந்தது அவர்கள் செய்ததன் பலன். இந்த வாதத்தின் அமைப்பைப் பாருங்கள். ஒரு வழக்கம் நியாயத்திலிருந்து விலகியிருக்கிறதா என்று காட்டக்கூடிய முதல் சாட்சி, அந்த வழக்கத்தால் வதைபடுபவரின் துயரம். வினைக்கோட்பாட்டை இந்த விதத்தில் பயன்படுத்தினால் அந்தத் துயரமே வழக்கம் சரி என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. துயரம் கூடினால் சான்றும் கூடுகிறது. தாமதித்த பொறியை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரியாக்குவது போலத்தான். இது வினைக்கோட்பாட்டை முழுதாக மறுக்கும் வாதம் இல்லை; தன் வினையைத் தானே நினைத்து ஒருவர் திருந்துவதற்கு அது உதவியிருக்கிறது. அடுத்தவரின் வலியை வாசிக்கும் கருவியின் முள்ளைத் திருகுவதற்கு அதைப் பயன்படுத்தியபோது அது அளவையாக இல்லாமல் போயிற்று.

இங்கே வலுவான ஒரு மறுப்பு வரலாற்றிலிருந்தே வருகிறது. மாற்றம் உள்ளிருந்துதானே வந்தது? 1924 நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரம்வரை சவர்ணர்களே நடந்துபோய், ஆயிரக்கணக்கான சவர்ணர்கள் கையெழுத்திட்ட மனுவை மகாராணி சேது லட்சுமி பாயிடம் கொடுத்தார்கள். காந்தி முன்வைத்த வழிகளும் உள்வழிகளே: சவர்ணர்களிடையே வாக்கெடுப்பு, பண்டிதர்களின் நடுவர் தீர்ப்பு, வைதிகத் தரப்பு மேற்கோள் காட்டிய நூலின் நம்பகத்தன்மையை ஆராய்வது. சங்கிலிக்கு உள்ளேயே திருத்தம் பிறக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? பத்மநாபனின் நடையை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் அது இந்த வாதத்துக்கு எதிராக நிற்கவில்லை. அவர்கள் பிறப்பால் சவர்ணர்கள். அன்று அவர்கள் வாசித்த குறி சவர்ண வழக்கத்தால் ஓடிய குறி இல்லை. அடிபட்டு, வெள்ளத்தில் கழுத்தளவு நீரில் நின்று, சிறைக்குப் போய்க்கொண்டிருந்த சத்தியாகிரகிகளை மாதக்கணக்கில் பார்த்த பிறகே அந்த நடை. உள்ளே இருப்பவர் வெளிச்சாட்சியை வாசிக்கலாம், வாசிக்க வேண்டும். காந்தியின் யோசனைகள்பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. சவர்ணர்களிடம் மட்டும் வாக்கெடுத்தால், முழுக்கச் சாதகமாக வந்திருந்தாலும், அது ரோட்டாரைப் பார்த்துக் கேமை நிச்சயிப்பதுதான். எதிராளியை அவனுடைய களத்திலேயே வெல்லும் உத்தி என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். உத்தியாக அது இருக்கட்டும். அளவையாக அது குறைபட்டது. திருவிதாங்கூர் சட்டசபையில் தெருக்களைத் திறக்கும் தீர்மானம் 1925 பிப்ரவரியில் 21க்கு எதிராக 22 வாக்குகளில் தோற்றது. ஒரு வாக்கு வித்தியாசத்தைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். 43 பேரில் எத்தனை பேர் அந்தத் தெருவில் நடக்க முடியாதவர்கள் என்ற கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்னொரு மறுப்பு பக்தியின் பக்கமிருந்து வரும். எதையும் சோதித்துக்கொண்டே இருந்தால் எதிலும் நிற்க முடியுமா? ஒவ்வொரு சத்தத்துக்கும் இன்ஜினைப் பிரிப்பவன் கடைசியில் வண்டியில்லாமல்தான் போவான். உண்மை. ஆனால் மேலே சொன்ன சோதனைகளில் எதற்கும் இன்ஜினைப் பிரிக்கவில்லை. ஒரு மூடி, சில பிளக்குகள், ஸ்பேனர், பொறுமை. சோதனைக்கும் சிதைத்தலுக்கும் உள்ள தூரத்தை வேண்டுமென்றே குறுக்கிக் காட்டுவது சோதனையை விரும்பாதவர்களின் பழைய வழி. உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் சந்தேகத்துக்கு எல்லை வகுக்கிறார்: உன் செயலோடு முரண்படும் இடத்தில் உன் சந்தேகம் நின்றுவிட வேண்டும். தீ சுடுமா என்று வாயால் சந்தேகித்துக்கொண்டே சமைக்க அடுப்பை மூட்டுபவனின் சந்தேகம் போலி. இந்த எல்லையை ஏற்கிறேன். எல்லா இணைப்பையும் ஒரே நேரத்தில் சந்தேகிக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. இழுவை குறைந்தது, டிஸ்ட்ரிபியூட்டர் வழக்கமான இடத்தைவிட வெகுதூரம் திரும்பி நிற்கிறது என்றால் செயினைச் சந்தேகிக்கக் காரணம் உண்டு. இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: மறைத்த திருத்தம் தன் தடத்தை விட்டுத்தான் போகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருப்பியதன் கூட்டுத்தொகை டிஸ்ட்ரிபியூட்டரின் நிலையில் எழுதியிருக்கிறது. ஒரு மரபிலும் அப்படித்தான். எந்த விளக்கம் அடிக்கடி, மேலும் மேலும் அதிகமாகத் தேவைப்படுகிறதோ, அந்த இடத்தில்தான் எதையோ ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய மெர்சிடஸ் வி8களில் செயினை மாற்றாமல் தாமதத்தைத் திருத்த ஒரு வழி உண்டு. கேம் ஷாஃப்டுக்கும் அதன் பல்சக்கரத்துக்கும் இடையே அமரும் சிறு சாவிக்கட்டையை எடுத்துவிட்டு, சில டிகிரி படிவைத்துச் செய்த சாவியைப் போடுவார்கள். செயின் தேய்ந்ததாகவே இருக்கும், உறவு மட்டும் சரியாகும். இதையும் மறைத்தல் என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எத்தனை டிகிரி சாவி போட வேண்டும் என்பதைப் புறச்சாட்சியைக் கொண்டு அளந்த பிறகே தீர்மானிக்கிறார்கள். தேய்மானத்தின் அளவு சாவியிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அடுத்து வருபவர் மூடியைத் திறந்தால் தெரிந்துகொள்வார். வைக்கத்தில் 1925 நவம்பரில் எட்டிய சமரசத்தை இந்த வகையில் சேர்க்க முடியுமா என்று யோசித்தால், முடியாது என்றே தோன்றுகிறது. மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு மட்டும் சவர்ணர்களுக்கென்று நின்றது. எந்த அளவையைக் கொண்டு மூன்று, எதனால் நான்கு இல்லை என்பதற்கு அந்த உடன்பாட்டில் பதில் இல்லை. கோயிலுக்குள் எல்லா இந்துக்களும் போகலாம் என்ற திருவிதாங்கூர் அரசரின் பிரகடனம் 1936 நவம்பர் 12இல்தான் வந்தது.